அக்கரையில் நின்ற விண்ணப்பதாரர்

நியமனப் பிரிவில் சேர்ந்த புதிதில் உங்களில் சிலர் என் வீட்டுக்கு வந்தீர்கள். "மேடம், சிபாரிசு வந்தா என்ன செய்றது?" என்று கேட்டீர்கள். அன்று காபியைக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிட்டேன். ஒரே வரியில் சொல்லும்படியான பதில் என்னிடம் இல்லை. ஒரு நாளைப் பற்றிய ஞாபகம்தான் இருக்கிறது. விளம்பரம் தயாரிப்பதையும் விண்ணப்பங்களைச் சலிப்பதையும் நீங்கள் சீக்கிரமே கற்றுக்கொள்வீர்கள். அந்த ஞாபகத்தில் இருப்பதை யாரும் பயிற்சி வகுப்பில் சொல்லித் தரமாட்டார்கள்.

எழுபதுகளின் பிற்பகுதி. நம் பல்கலைக்கழகத்துக்குக் குரங்கணிக்கு மேலே, ஏலத்தோட்டங்களுக்கு நடுவில், சிறிய ஆய்வு நிலையம் ஒன்று இருந்தது. ஓட்டுக் கட்டடம், இரண்டு நுண்ணோக்கி, ஒரு நாற்றங்கால், அவ்வளவுதான். அந்தச் சமயத்தில் மலையெங்கும் ஏலச்செடிக்குக் கட்டே நோய் வந்திருந்தது. இலையில் வெளிர்ப்பச்சைக் கோடு விழும். தூர், அதாவது செடிக்கொத்து, வருடத்துக்கு வருடம் சிறுக்கும். கடைசியில் காய்ப்பே நின்றுபோகும். அதை ஆராய ஓர் உதவிப் பேராசிரியர் பதவி. இரண்டு முறை நகரத்திலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பினோம். வந்தவர்கள் தெளிப்பு மருந்து அடித்தால் தீர்ந்துவிடும் என்று தோட்டக்காரர்களிடம் சொன்னார்கள். தீரவில்லை. அட்டையும் குளிரும் தாங்காமல் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாம் முறையும் ஆள் நிற்கவில்லை என்றால் பதவியையும் நிலையத்தையும் சேர்த்தே மூடிவிடுவது என்று மேலே முடிவாகியிருந்தது.

அந்த நேர்காணலை நடத்தும் பொறுப்பைத் துணைவேந்தர் எங்கள் துணைப் பதிவாளரிடம் கொடுத்தார். டெபுடி ரிஜிஸ்ட்ரார் என்பதைச் சுருக்கி அவரை நாங்கள் டி.ஆர். சார் என்போம். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது. மெலிந்த மனிதர். கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். "மலைக்குப் போற ஆளை ஏன் சமவெளியில ஏசிக் காத்துல உட்கார வெச்சுப் பாக்கணும்? போடியிலயே நடத்துவோம்" என்றார். நான் போடிக்குப் பக்கத்து ராசிங்காபுரத்துக்காரி என்பதால் உதவிக்கு என்னை அழைத்துப்போனார்.

ஐப்பசி மாதம். போடியில் பயணியர் விடுதியில் இடம் பிடித்திருந்தோம். குழுவில் டி.ஆர். சாரைத் தவிர இரண்டு பேர். ஒருவர் அந்தப் பதவிக்குரிய துறையின் தலைவர். மற்றவர் கேரளத்திலிருந்து போடி மெட்டு வழியாக இறங்கி வந்த வெளி நிபுணர், வயதான பேராசிரியர். அன்று மாலை பஸ்ஸிலேயே அவர் மலையேறித் திரும்ப வேண்டும். இரவெல்லாம் பெய்த மழை காலையில் கொஞ்சம் விட்டிருந்தது.

நேர்காணல் தொடங்குவதற்கு முன்பே விடுதிக்கு டிரங்க் கால் வந்தது. ஆட்சிக்குழுவில் செல்வாக்கான ஒருவர் பேசினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். டி.ஆர். சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரகுநாதன்தானே? வந்திருக்கார் சார். பாக்கத்தான் போறோம்" என்று சொல்லி வைத்துவிட்டார். நம் விளம்பரங்களில் இன்றும் இருக்கும் அந்த வாசகம் அன்றும் இருந்தது: எவ்வகையிலேனும் சிபாரிசு செய்யப்படும் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். துறைத் தலைவர் அவர் முகத்தைப் பார்த்தார். டி.ஆர். சார், "அந்தப் பையன் பேசச் சொன்னானான்னு நமக்குத் தெரியாது. தெரியாத தப்புக்குத் தண்டனை கிடையாது. தெரியாத தகுதிக்கு மார்க்கும் கிடையாது. கூப்பிடுங்க" என்றார்.

ரகுநாதன் சென்னைப் பையன். தங்கப் பதக்கக்காரர். உள்ளே கேட்ட கேள்விகளுக்குத் தடையில்லாமல் பதில் சொன்னார். அவருக்குப் பின்னால் வந்த இருவரும் சுமார்தான். நான்காவது பெயரைக் கூப்பிட்டேன். ஆள் இல்லை.

அந்தப் பெயர் பாண்டியம்மாள். சிலமலையில் விவசாயக் குடும்பத்துப் பெண். முதுகலை முடித்துவிட்டு, அதே மலை நிலையத்தில் தற்காலிக உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். நாங்கள் அனுப்பிய பெரியவர்கள் எல்லாம் இறங்கிப்போன பிறகும் நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது அவர்தான்.

"வரல. முடிச்சிரலாமே" என்றார் துறைத் தலைவர்.

அப்போதுதான் எங்கள் ஜீப் டிரைவர் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். டீ குடிக்கப் போன இடத்தில் சேதி கேட்டு வந்திருந்தார். "அக்கா, குரங்கணி ரோட்டுல தரைப்பாலம் முங்கிப் போச்சாம். அந்தப் புள்ள விடிஞ்சதுலருந்து அக்கரையில நிக்குதாம். எறங்கப் பாத்துச்சாம், சனம் கையப் புடிச்சு இழுத்து நிப்பாட்டிட்டாகளாம்" என்றார்.

துறைத் தலைவர்தான் முதலில் வாய் திறந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். வம்பு வராமல் வேலை முடிய வேண்டும் என்று நினைப்பவர். "அறிவிச்ச இடம் இது. வந்தவங்க வந்தாங்க. வராதவங்களுக்காக நாம எப்படிக் காத்திருக்க முடியும்? நாளைக்கு மத்தவங்க கேஸ் போடுவாங்க. தவிர, ஒரு பொம்பளப் பிள்ளை மலையில தனியா..."

"அங்கதானே சார் இருக்காங்க இப்பவும்?" என்றார் டி.ஆர். சார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் வாதாடவில்லை. எழுந்து வராந்தாவுக்குப் போனார். நேர்காணல் முடிந்த மூன்று பேரும் பஸ்ஸுக்குக் கிளம்பப் பையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் செய்ததைக் கவனியுங்கள். உத்தரவு எதுவும் போடவில்லை. அவர்கள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒருத்தர் ஆத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. குழு அங்க போய் அவங்களப் பாக்கலாம்னு நினைக்கிறேன். உங்களைக் கேட்ட அதே கேள்விகள்தான் கேப்போம். இதனால நஷ்டம்னு வந்தா அது உங்களுக்குத்தான். அதனால உங்ககிட்டதான் கேக்கணும். ஆட்சேபம் இருந்தா தாராளமாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார்.

இரண்டு பேர் ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்கள். ரகுநாதன் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். பிறகு, "நானும் ஜீப்புல வரலாமா சார்? வேலை பாக்கப் போற மலையை இன்னும் பாக்கவே இல்லை" என்றார்.

குரங்கணிப் பாதையில் ஜீப் ஊர்ந்து போனது. தரைப்பாலம் இருந்த இடத்தில் செந்நிறத் தண்ணீர் பாறையில் மோதி நுரைத்துக்கொண்டு ஓடியது. இந்தக் கரையில் லோடு ஜீப்புகள், சாக்குமூட்டைகள், தோட்டக்காரர்கள். அந்தக் கரையில் காய் பறிக்கப் போகும் பெண்கள் மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காடி போட்டுக்கொண்டு கூட்டமாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், முழங்கால்வரை சேறாகி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெண். சான்றிதழ்களை நனையாமல் பாலிதீன் தாளில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார். எங்கள் ஜீப்பைப் பார்த்ததும் ஒரு கையை உயர்த்திக் கும்பிடு போட்டார்.

"எங்க குழு உட்காருதோ அதுதான் நேர்காணல் நடக்கிற இடம்" என்று டி.ஆர். சார் ஒரு பாறையில் உட்கார்ந்தார். கேரளப் பேராசிரியர் ஏலக்காய் மூட்டையொன்றின் மேல் அமர்ந்தார். துறைத் தலைவர் குடையோடு நின்றார். காற்று மலையிலிருந்து இறங்கி அடித்ததால் பாண்டியம்மாளின் குரல் எங்களுக்குக் கேட்டது. எங்கள் குரல்தான் தண்ணீரைத் தாண்டவில்லை. பேராசிரியர் இரண்டு முறை கத்திப் பார்த்து இருமினார். "கேட்கான் வய்யல்லோ!" என்றார், கேட்கவில்லையே என்று மலையாளத்தில்.

"நாஞ் சொல்றேன் சாமி" என்று டிரைவர் முன்னால் வந்தார். முதல் கேள்வி, வைரஸ் எப்படிப் பரவுகிறது என்பது. டிரைவர் கையைக் குவித்துக்கொண்டு, "ஆத்தா! வயிறு எப்டி இருக்குன்னு கேக்காக!" என்று கத்தினார்.

"நல்லாத்தான் இருக்கு!" என்றது அக்கரை.

இரு கரையிலும் சிரிப்பு. துறைத் தலைவர்கூடச் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியபோது ரகுநாதன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். "நான் சொல்லட்டுமா சார்? காலேஜ்ல என் சத்தம் பிரசித்தம்" என்றார்.

"அது சரியில்லை. போட்டியாளர் எப்படி..." என்று தொடங்கினார் துறைத் தலைவர். நியாயமான கேள்விதான். ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னாலும் அந்தப் பெண்ணின் பதில் தடம் மாறிவிடும். டி.ஆர். சார் ரகுநாதனை ஏற இறங்கப் பார்த்தார். "கேள்வி எப்படி வருதோ அப்படியே போகணும். கூட்டவோ குறைக்கவோ கூடாது. செய்வீங்களா?" என்றார்.

"செய்வேன் சார்."

"சொல்லுங்க."

இவ்வளவுதான் நடந்தது. எதை வைத்து ரகுநாதனை அப்படி நம்பினீர்கள் என்று டி.ஆர். சாரிடம் பின்னால் கேட்டேன். "அவன் பஸ்ஸுல ஏறாம ஜீப்புல ஏறினான். அதை வெச்சுத்தாம்மா" என்றார்.

ரகுநாதன் கேள்விகளைச் சுத்தமாகக் கடத்தினார். கடினமான சொல்லை இரண்டு தடவை பிரித்துப் பிரித்துச் சொன்னார். பாண்டியம்மாள் முதலில் ஆங்கிலத்தில் தொடங்கினார். ஆற்றுச் சத்தத்தில் அது உடைந்து உடைந்து வந்தது. பிறகு தமிழுக்கு மாறினார். நோயைப் பரப்புவது அசுவினிப் பூச்சி என்றார். மண்ணிலிருந்தோ விதையிலிருந்தோ வருவதில்லை என்றார். நோய்த் தூரிலிருந்து கிழங்கு எடுத்து நட்டால் நோயையும் சேர்த்தே நடுகிறோம் என்றார். பேராசிரியரின் தலை ஆடிக்கொண்டே இருந்தது.

கூட்டத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. என் பக்கத்தில் நின்ற பரமன் என்ற தோட்டக்காரர்தான் ஆரம்பித்துவைத்தார். "ஐயா, எதுக்கு இம்புட்டுக் கேள்வி? அந்தப் புள்ளைக்கே வேலையக் குடுங்க!" என்றார். உடனே எல்லோரும், "ஆமாய்யா! எங்க புள்ளைக்கே குடுங்க!" என்றார்கள். அக்கரையில் பெண்கள் கைதட்டினார்கள்.

துறைத் தலைவர் குடையை மடக்கினார். "டி.ஆர்., கேட்டீங்களா? எவ்வகையிலேனும் சிபாரிசு. ஊரே சிபாரிசு பண்ணுது. விதிப்படி இந்த விண்ணப்பத்தை நிராகரிக்கணும்" என்றார்.

அக்கரையில் அந்தப் பெண்ணுக்கு என்ன நடக்கிறதென்று தெரியாது. அடுத்த கேள்விக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

டி.ஆர். சார் எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். குரல் தணிந்திருந்தது. அதனாலேயே எல்லோரும் கிட்டே வந்து கேட்டார்கள். "பெரிய இடத்துலருந்து பேசினாலும் சிபாரிசு, நீங்க பேசினாலும் சிபாரிசு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். இன்னொரு வார்த்தை சொன்னீங்கன்னா நீங்கதான் அந்தப் பொண்ணுக்குக் கெடுதல் பண்றீங்க" என்றார். பரமன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

பிறகு துறைத் தலைவரிடம், "காலையில போன் வந்தது. ரகுநாதன் சொல்லி வந்துச்சான்னு நமக்குத் தெரியாதுன்னு விட்டோம். இந்தச் சனத்தை அந்தப் பொண்ணு கூட்டிட்டு வரல. பாலம் முங்கினதால நிக்கிறாங்க. காலையில வெச்ச எடைக்கல்லைச் சாயங்காலம் மாத்தலாமா சார்?" என்றார்.

ரகுநாதன் அப்போதுதான் அந்த போனைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்பட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. காதுவரை சிவந்து, ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

துறைத் தலைவர் குடையை மறுபடி விரித்தார். "மேல கேளுங்க" என்றார்.

காலையில் மற்றவர்களிடம் கேட்ட கேள்விதான் அடுத்தது. இந்த நோய்க்கு மருந்து உண்டா? ரகுநாதன் அதைக் கத்தியபோது இரண்டு கரையும் அமைதியாகிவிட்டது. அங்கே நின்ற ஒவ்வொருவரும் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. காலையில் ரகுநாதன் அதற்கு நான்கைந்து தெளிப்பு மருந்துகளின் பெயரைச் சொல்லி, சோதித்துப் பார்க்கலாம் என்றிருந்தார்.

பாண்டியம்மாள் தன்னைச் சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார். இந்தக் கரைக் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இல்ல! மருந்து இல்ல! கோடு விழுந்த தூரப் புடுங்கி எரிக்கணும்!"

கைதட்டியவர்களில் ஒருவரும் அசையவில்லை. பரமனின் துண்டு வாயிலிருந்து இறங்கியது. "அப்ப எங்க தோட்டத்தப் பூரா அழிக்கச் சொல்றியா ஆத்தா? நல்லாச் சொன்ன போ!" என்று கத்தினார். அவருக்குப் பின்னால் இன்னும் சில குரல்கள் எழுந்தன. சற்று முன்பு எங்கள் பிள்ளை என்றவர்கள்தான்.

"பூராவும் இல்லண்ணே! நோய்த் தூர மட்டும்! இன்னைக்குக் கொஞ்சம் போனா தோட்டம் நிக்கும்! பாத்துக்கிட்டே இருந்தா தோட்டமே போயிரும்!"

அவர் குரல் தணியவில்லை. பேராசிரியர் முன்னால் குனிந்தார். கடைசிக் கேள்வியை மெதுவாக ரகுநாதனிடம் சொன்னார். நோய் தாங்கும் ரகம் எத்தனை வருடத்தில் கிடைக்கும்?

"தெரியாது!" என்றார் பாண்டியம்மாள்.

"எந்தா பறஞ்ஞது?" என்றார் பேராசிரியர், என்ன சொன்னாரென்று காதில் கை வைத்து.

"தெரியாதுங்கய்யா! நோய் புடிச்ச தோட்டத்துக்குள்ளயே புடிக்காம நிக்கிற தூரத் தேடணும்! தேடிப் பாக்குறேன்! எத்தன வருசமாகும்னு தெரியாது!"

வேலை வேண்டி நிற்கும் ஒருவர், தன்னை நம்பும் அத்தனை பேர் முன்னாலும், ஆற்றைத் தாண்டிக் கேட்கும்படி திரும்பத் திரும்பத் தெரியாது என்று கத்தியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "மதி, மதி" என்றார் பேராசிரியர். போதும் என்று கையைக் காட்டினார்.

டி.ஆர். சார் அங்கேயே ஒரு வேலை செய்தார். இதை நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். "பேசறதுக்கு முன்னாடி எழுதிருங்க" என்று மூன்று பேரும் தனித்தனியாக மதிப்பெண் போடச் செய்தார். குடைக்கடியில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் எழுதினார்கள். போடி திரும்பி நான் பிரித்துப் படித்தபோது மூன்றிலும் பாண்டியம்மாள்தான் முதலில். அதிலும் ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போட்டிருந்தவர் துறைத் தலைவர். நாள் முழுக்க விதிக்காகத் தகராறு செய்தவர், மதிப்பெண்ணில் தகராறு செய்யவில்லை. அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான். எதிர்க்கேள்வி கேட்பவரைக் குழுவில் பகையாளியாகப் பார்க்காதீர்கள். அவர் கேட்காவிட்டால் டி.ஆர். சாரின் அந்தப் பதில் பிறந்திருக்காது.

ஆட்சிக்குழுப் பெரியவருக்கு டி.ஆர். சாரே டிரங்க் கால் போட்டார். "ரகுநாதனைப் பாத்தோம் சார். ரொம்ப நல்ல பையன். இரண்டாவது வந்திருக்கார்" என்றார். அடுத்த பக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது. அதன் பிறகு வரவேண்டிய பதவி உயர்வு டி.ஆர். சாருக்குத் தாமதமாகத்தான் வந்தது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை.

ரகுநாதன் அடுத்த ஆண்டு நம் முதன்மை வளாகத்தில் ஒரு பதவிக்கு விண்ணப்பித்துத் தேர்வானார். அந்த முறை போன் வரவில்லை. வீட்டில்கூடச் சொல்லாமல் வந்திருந்தாராம். மலை நிலையத்துக்குக் கருவி வேண்டும், ஆள் வேண்டும் என்று கூட்டங்களில் பேசியவர்களில் அவர் சத்தம்தான் பெரிது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், பாண்டியம்மாளின் பணி நிரந்தரம் தொடர்பாக மலைக்குப் போனேன். குரங்கணிக்கு மேலே ஒற்றையடிப் பாதையில் நடந்தபோது புகை தெரிந்தது. தோட்டத்துக்குள் ஓரிடத்தில் பிடுங்கிய தூர்களைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தார்கள். கம்பால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தவர் பரமன். என்னை அடையாளம் கண்டு துண்டை எடுத்தார்.

"என்னண்ணே, அன்னைக்கு அந்தக் கத்துக் கத்துனீங்க?" என்றேன்.

"கத்தாம? வகுறு எரிஞ்சுச்சுல்ல" என்றார். புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் கிளறினார். "ஆனா ஒண்ணு ஆத்தா. மருந்து இருக்குன்னு சொன்ன ஆளுக அம்புட்டுப் பேரும் மலைய விட்டு எறங்கிப் போயிட்டாக. இல்லேன்னு சொன்ன புள்ளதேன் இங்கன நிக்குது."

அவர் கை காட்டிய பக்கம் பார்த்தேன். சரிவில், நிழல்மரங்களுக்குக் கீழே, பாண்டியம்மாள் குனிந்து ஓர் இலையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.